கோடு ஒன்று, அடி ஒன்று: மிகை மெய்ம்மை யோசனைகளை வீட்டில் வடிவமைத்துச் சோதிக்கும் முறை

பார்க்கின்சன் நோய்க்காக எங்கள் நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்கு வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் மனைவி, ஒருநாள் ஒரு செய்தியைச் சொன்னார். “டாக்டர், வாசலில் கோலம் போட்டிருந்தால் இவருக்குக் கால் நிற்பதில்லை. மிதித்துவிடக் கூடாது என்று எட்டு வைத்துத் தாண்டிவிடுகிறார். கோலம் இல்லாத படுக்கையறை வாசலில்தான் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார்.” அதே வாரத்தில் வெளிநாட்டில் பணிபுரியும் அவர்களுடைய மகனும் தொலைபேசியில் பேசினார். தரையில் இல்லாத கோடுகளை இருப்பதுபோல் காட்டும் மின்னணுக் கண்ணாடி ஒன்றைப் பற்றிப் படித்ததாகவும், விலை அதிகமானாலும் தந்தைக்கு வாங்கி அனுப்ப விரும்புவதாகவும் கூறி என் கருத்தைக் கேட்டார்.

அம்மா கண்டறிந்ததும் மகன் கேட்டதும் ஒரே செய்தியின் இரு முனைகள். இத்தகைய கண்ணாடிகள், கைப்பேசிச் செயலிகள் பற்றிய கேள்விகள் இப்போது எங்களிடம் அடிக்கடி வருகின்றன. வாங்கலாம், வாங்க வேண்டாம் என்று ஒரே சொல்லில் விடை சொல்வது எளிது. ஆனால் ஒரு யோசனை தம் வீட்டில், தம் நோயாளிக்குப் பயன்படுமா என்பதைக் குடும்பத்தினரே முறையாகச் சோதித்தறிய முடியும். அந்த முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் குடும்பத்தின் விவரங்களை, அடையாளம் தெரியாதவாறு மாற்றியிருக்கிறேன்.

மிகை மெய்ம்மை என்பது யாது?

நம் கண்முன் உள்ள உண்மையான காட்சியின்மீது கணினி உருவாக்கிய ஒரு கோட்டையோ எழுத்தையோ உருவத்தையோ சேர்த்துக் காட்டும் நுட்பமே மிகை மெய்ம்மை. இதனை ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்பர். உலகை முழுவதும் மறைத்து வேறோர் உலகைக் காட்டும் மெய்நிகர் நுட்பத்திலிருந்து இது வேறுபட்டது. இங்கே அறை அப்படியே இருக்கும். அறையின் தரையில் ஒரு கோடு மட்டும் கூடுதலாகத் தெரியும்.

1968இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லேண்ட் தலையில் அணியும் முதற்கருவிகளுள் ஒன்றை அமைத்தார். அதன் பளு காரணமாக அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் விமான மின்கம்பிகளைப் பொருத்துவோருக்கு வழிகாட்டும் கருவியைப் பற்றிச் சிந்தித்த டாம் காடெல் என்பவரே இந்நுட்பத்திற்கு இப்பெயரை வழங்கியவர். 2016இல் ‘போகிமான் கோ’ விளையாட்டு வெளிவந்தபோது, கைப்பேசித் திரையில் தெருமுனையில் நிற்கும் பொம்மை உருவங்களை உலகெங்கும் உள்ள பிள்ளைகள் தேடி அலைந்தனர். இன்று அதே நுட்பம் மருத்துவத்திற்குள்ளும் வந்துகொண்டிருக்கிறது.

1997இல் ரொனால்ட் அசூமா என்ற ஆய்வாளர் இதற்கு மூன்று இலக்கணங்களைக் கூறினார். உண்மையும் புனைவும் ஒரே காட்சியில் கலந்திருக்க வேண்டும். பயன்படுத்துபவரின் அசைவுக்கு ஏற்ப அது உடனுக்குடன் மாற வேண்டும். சேர்க்கப்பட்ட உருவம் உண்மையான இடத்தில் நிலையாகப் பொருந்தியிருக்க வேண்டும். இம்மூன்றையும், குறிப்பாக மூன்றாவதை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தலையை அசைக்கும்போது தரைக்கோடும் சேர்ந்து நழுவுமானால், அக்கோட்டை நம்பிக் கால் வைப்பவர் தடுமாறுவார்.

கால் ஏன் உறைகிறது? கோடு ஏன் உதவுகிறது?

பார்க்கின்சன் நோயில் மூளையின் ஆழ்பகுதியிலுள்ள டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகக் குறைகின்றன. நடத்தல், சட்டைப் பொத்தான் போடுதல், எழுதுதல் போன்ற பழகிய செயல்களை நாம் ஒவ்வோர் அசைவாக எண்ணிச் செய்வதில்லை. அவற்றைத் தாமாக நிகழச் செய்யும் மூளையின் அடிப்பகுதி நரம்புத் திரள்கள் டோபமின் இன்றித் திணறுகின்றன. அதனால் அடிகள் குறுகுகின்றன; நோய் முதிரும்போது சிலருக்கு ‘நடை உறைதல்’ ஏற்படுகிறது. நடக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கும். உடல் முன்னே சாயும். பாதம் மட்டும் தரையில் ஒட்டியதுபோல் நிற்கும். வாசலைக் கடக்கும்போது, திரும்பும்போது, குறுகிய இடத்தில் நுழையும்போது, அவசரப்படும்போது இது மிகுதியாக நிகழும். சில நொடிகளில் விலகிவிடும் இந்நிலைதான் பல விழுதல்களுக்குக் காரணம். முதியவர் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன் பின் அக்குடும்பத்தின் நாள்கள் எப்படி மாறும் என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள்.

தரையில் குறுக்குக்கோடு ஒன்று இருந்தால், உறைந்த கால் அதனைத் தாண்ட எழுகிறது. லண்டன் நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் பர்டன் மார்ட்டின் 1967இல் வெளியிட்ட நூலில் இதனை விவரித்தார். நடக்கும் திசைக்குக் குறுக்காக, தரையிலிருந்து வேறுபட்ட நிறத்தில், அடி நீளத்திற்குத் தக்க இடைவெளியில் அமைந்த கோடுகளே உதவின. நடக்கும் திசையிலேயே நீளமாகச் செல்லும் கோடுகள் அவ்வாறு உதவவில்லை. தானாக நிகழும் நடையின் பாதை பழுதுபட்டிருந்தாலும், கண்ணால் கண்டு, எண்ணி, இலக்கு வைத்து அடியெடுக்கும் பாதை வேறு. அப்பாதை பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது என்று கருதப்படுகிறது. கோலத்தைத் தாண்டிய தலைமையாசிரியரின் கால் இந்த இரண்டாம் பாதையில்தான் சென்றது. அவருடைய மனைவி பாடநூல் எதையும் படிக்காமலே அதைக் கண்டுகொண்டார்.

ஒரு நோயாளியின் யோசனை

தரைக்கோட்டைக் கண்ணாடிக்குள் கொண்டுவரும் முயற்சி புதிதன்று. அமெரிக்காவைச் சேர்ந்த டாம் ரீஸ் என்பவர் கால் மருத்துவர், பார்க்கின்சன் நோயாளியும்கூட. தரையில் கிடக்கும் பொருள்களைத் தாண்டும்போது தம் நடை சீராவதைக் கண்ட அவர், அப்பொருள்கள் கண்ணெதிரே எப்போதும் தெரியும்படி செய்ய இயலுமா என்று சிந்தித்தார். சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வகத்தினருடன் சேர்ந்து 1990களின் முற்பகுதியில் அத்தகைய கண்ணாடிகளைச் சோதித்தார். இத்துறையின் தொடக்கமே ஒரு நோயாளி தம் காலையும் தரையையும் கூர்ந்து கவனித்ததில்தான் இருக்கிறது என்பது நமக்கு ஒரு பாடம்.

அதற்குப் பின் கருவிகள் வெகுவாக முன்னேறியுள்ளன. இன்றைய கண்ணாடிகள் அறையின் தரையை அளந்து, அதன்மீது கோடுகளைப் பதித்தாற்போல் காட்ட வல்லவை. எனினும் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு நடை சீராயிற்று. சில ஆய்வுகளில் கண்ணாடி காட்டிய கோடுகள், தரையில் வைத்த உண்மையான கோடுகளைவிட மேலாக அமையவில்லை. கண்ணாடியின் காட்சிப் பரப்பு குறுகியிருந்தால், காலடிக்கு அருகிலுள்ள கோடு திரைக்கு வெளியே போய்விடும். அதைக் காண்பதற்காகத் தலையைத் தாழ்த்தினால் உடல் முன்சாய்ந்து, விழும் வாய்ப்பு கூடும்.

இன்னொன்றும் கருதத் தக்கது. இக்கருவிகள் சந்தைக்கு வருவதும் நிறுத்தப்படுவதும் விரைவாக நிகழ்கின்றன. 2013இல் பெரும் பரபரப்புடன் அறிமுகமான கூகுள் கிளாஸ் கண்ணாடியின் விற்பனை, நிறுவனங்களுக்கான வடிவத்திலும் 2023இல் முடிவுற்றது. மைக்ரோசாஃப்ட்டின் ஹோலோலென்ஸ் 2 கருவியின் உற்பத்தி 2024இல் நிறுத்தப்பட்டது. ஆகவே கருவியை நம்பித் தொடங்காமல், தேவையைக் கண்டு தொடங்குவதே அறிவுடைமை. தேவை சரியாகப் பிடிபட்டால், அதற்கு எந்தக் கருவி பொருந்தும், அல்லது கருவியே வேண்டுமா என்பது பின்னர் தெளிவாகும்.

முதற்படி: யோசனையை வடிவமைத்தல்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கீழ்க்காணும் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். நோயாளியும் பராமரிப்பவரும் சேர்ந்தே எழுத வேண்டும்.

1. எந்த இடத்தில் இடர்ப்பாடு? ‘வீட்டில்’ என்று எழுதினால் போதாது. ‘படுக்கையறையிலிருந்து கூடத்திற்கு வரும் வாசலில்’ என்று எழுத வேண்டும். வீட்டின் வரைபடத்தைக் கையால் வரைந்து, கால் நிற்கும் இடங்களில் புள்ளி வைப்பது இன்னும் நல்லது.

2. எந்த நேரத்தில்? மருந்து உட்கொண்டு எவ்வளவு நேரத்திற்குப் பின்? லெவோடோபா மருந்தின் வேகம் குறையும் வேளையில்தான் பலருக்குக் கால் உறைகிறது. அப்படியானால் முதலில் மாற்ற வேண்டியது மருந்து நேரமாக இருக்கலாம். அதை மருத்துவரே செய்ய வேண்டும்.

3. அந்தக் கணத்தில் நோயாளி எதைப் பார்க்கிறார்? தரையையா, கதவையா, எதிரே அழைப்பவரின் முகத்தையா? பார்வை செல்லாத இடத்தில் வைக்கும் குறிப்பால் பயனில்லை.

4. அங்கே எந்தக் குறிப்பு தேவை? ஒரு கோடா, ஓர் ஒலியா, ஒரு சொல்லா, வெளிச்சமா?

5. குறிப்பு தவறினால் என்ன தீங்கு நேரும்? மருந்துப் பெயரைத் தவறாகக் காட்டினாலும் தீங்குதான். கோடு இடம் மாறித் தெரிந்தாலும் தீங்குதான். தீங்கு பெரிதாக இருக்கும் இடத்தில் காவலும் பெரிதாக இருக்க வேண்டும்.

தலைமையாசிரியரின் வீட்டு வரைபடத்தில் மூன்று புள்ளிகள் விழுந்தன. படுக்கையறை வாசல் ஒன்று. கூடத்திலிருந்து குளியலறைக்குத் திரும்பும் முனை ஒன்று. இரவில் கட்டிலிலிருந்து இறங்கும் இடம் மற்றொன்று. மூன்றாவது புள்ளியில் அவர் முன்பே ஒருமுறை விழுந்திருந்தார்.

இரண்டாம்படி: டேப் ஒட்டிச் சோதித்தல்

கண்ணாடி காட்டப்போவது ஒரு குறுக்குக்கோட்டைத்தான். அந்தக் கோட்டை வண்ண டேப்பால் இன்றே தரையில் ஒட்டிப் பார்க்க முடியும். உண்மையான கோடே உதவாத ஒருவருக்குப் புனைகோடு உதவும் என்று எதிர்பார்ப்பது கடினம். கணினித் துறையினரும் இவ்வாறே செய்கிறார்கள்; கருவியைச் செய்து முடிப்பதற்கு முன், தாளாலும் அட்டையாலும் அதன் மாதிரியைச் செய்து பயனாளரிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். கருவி பேச வேண்டிய இடத்தில் ஒரு மனிதர் மறைந்திருந்து பேசுவதும் உண்டு.

டேப் ஒட்டும் முறை: ஏறத்தாழ இரண்டு விரற்கடை அகலமுள்ள, பளபளப்பற்ற டேப்பைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளை டைல்ஸ் தரைக்கு அடர்நீலம் அல்லது சிவப்பு. சிவப்புச் சிமெண்டுத் தரைக்கு வெள்ளை அல்லது மஞ்சள். வாசலுக்கு முன் மூன்று கோடுகள், வாசலில் ஒன்று, கடந்த பின் மூன்று. இடைவெளி, நோயாளி நன்றாக நடக்கும் வேளையில் வைக்கும் அடியின் நீளம். பெரும்பாலும் ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை அமையும். டேப்பின் விளிம்பு பெயர்ந்தால் அதுவே கால் தடுக்கும்; எனவே நாள்தோறும் அழுத்திப் பாருங்கள். ஈரமாகும் இடத்தில் டேப் ஒட்ட வேண்டாம்.

சோதிக்கும் முறை: ஒரு வாரம் ஒட்டிப் பார்த்து, ‘நன்றாக இருக்கிறது’ என்று முடிவு செய்துவிடக் கூடாது. இந்நோயில் நல்ல வாரமும் கெட்ட வாரமும் இயல்பாகவே மாறி மாறி வரும். புதியதொன்றைச் செய்கிறோம் என்ற ஊக்கத்தினாலும் சில நாள்கள் நடை சீராகும். ஆகவே நான்கு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் டேப் இல்லை; இரண்டாம் வாரம் உண்டு; மூன்றாம் வாரம் இல்லை; நான்காம் வாரம் உண்டு. டேப் உள்ள இரண்டு வாரங்களிலும் நிலைமை சீராகி, இல்லாத இரண்டிலும் பின்தங்கினால், பயன் உண்மையானது என்று ஓரளவு நம்பலாம். இந்த நான்கு வாரங்களில் மருந்தின் அளவோ நேரமோ மாறக் கூடாது. மாற்ற வேண்டி வந்தால் சோதனையை நிறுத்திவிட்டுப் பின்னர் புதிதாகத் தொடங்குங்கள்.

எழுதும் முறை: ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். நாள்தோறும் ஒரே மூன்று வேளைகளில், ஒரே வழியில் நடக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் மருந்து எடுத்த நேரம், கால் உறைந்த முறைகள், விழப்போய்ப் பிடித்துக்கொண்ட முறைகள் ஆகியவற்றைக் குறியுங்கள். நடக்க விரும்பியும் அடி எழாமல் நின்றதை மட்டுமே ‘உறைதல்’ என்று எண்ண வேண்டும். இளைப்பாற நின்றதை எண்ணக் கூடாது. வார முடிவில் நோயாளியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது உங்களுக்கு உதவுகிறதா, தொந்தரவாக இருக்கிறதா?” அவர் சொல்லும் விடையை அவர் சொல்லிலேயே எழுதுங்கள். இயலுமானால் கால்கள் மட்டும் தெரியும்படி கைப்பேசியில் ஒரு நிமிடக் காட்சி எடுத்து வாருங்கள். மருத்துவர் முன்னிலையில் நடக்கும்போது கால் உறையாமல் போவது மிக இயல்பு. எனவே வீட்டில் எடுத்த காட்சி எங்களுக்குப் பெரிதும் உதவும்.

காக்கும் முறை: சோதனைக்காக நடக்கும்போது ஒருவர் நோயாளியின் பக்கவாட்டில், சற்றுப் பின்னே நடந்து வர வேண்டும். கால் உறைந்தால் கையைப் பிடித்து முன்னே இழுக்காதீர்கள். பாதம் அங்கேயே இருக்க, உடல் மட்டும் சாய்ந்து விழுவார். “நில்லுங்கள், நிமிருங்கள், மூச்சு விடுங்கள், உடலை இடமும் வலமும் மெல்லச் சாய்த்து ஒரு பெரிய அடி வையுங்கள்” என்று அமைதியாகச் சொல்லுங்கள். டேப் இல்லாத வாரத்தில் விழுவதற்கான அறிகுறி மிகுந்தால் அன்றே சோதனையை நிறுத்தி டேப்பை மீண்டும் ஒட்டிவிடுங்கள். ஒரு கணக்கு முழுமையாவதைவிட ஓர் எலும்பு முழுமையாக இருப்பது முக்கியம்.

நோட்டுப் புத்தகம் சொன்னது

தலைமையாசிரியரின் மனைவி நான்கு வாரமும் ஒருநாள் தவறாமல் எழுதி வந்தார். படுக்கையறை வாசலில் டேப் இருந்த இரண்டு வாரங்களிலும் கால் உறைவது வெகுவாகக் குறைந்திருந்தது. அங்கே யோசனை வென்றது.

குளியலறைக்குத் திரும்பும் முனையில் எந்த வேறுபாடும் இல்லை. காட்சியைப் பார்த்தபோது காரணம் விளங்கியது. கோடுகள் நேராக இருந்தன; அவரோ அந்த இடத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். எங்கள் இயன்முறை மருத்துவர், திரும்பும் முனையில் விசிறி மடிப்புகளைப்போல் கோடுகளை விரித்து ஒட்டச் சொன்னார். கூடவே, ஒரே இடத்தில் சுழன்று திரும்பாமல் அகன்ற வளைவில் நடந்து திரும்பும் பயிற்சியும் அளித்தார். அதன் பின் அங்கும் நிலைமை ஓரளவு சீராயிற்று.

கட்டிலருகே டேப் சிறிதும் பயன்படவில்லை. அவர் விழுந்தது இரவில். இருட்டில் டேப் தெரியவில்லை. அங்கே அவருக்குத் தேவைப்பட்டது கோடன்று, வெளிச்சம். கட்டிலுக்குக் கீழே, காலைத் தரையில் வைத்தவுடன் எரியும் சிறு இரவு விளக்கு ஒன்றைப் பொருத்தியதும் அந்த மூன்றாவது புள்ளியின் ஆபத்து குறைந்தது. கண்ணாடியை வாங்கியிருந்தாலும் இரவில் கட்டிலிலிருந்து இறங்கும்போது அது மேசைமேல்தான் இருந்திருக்கும். விழுந்த இடத்தில் உதவாத ஒன்றுக்காகப் பெருந்தொகை செலவாகியிருக்கும்.

மூன்றாம்படி: கண்ணாடியைச் சோதித்தல்

அப்படியானால் கண்ணாடிக்கு வேலையே இல்லையா? உண்டு. டேப் ஒட்ட முடியாத இடங்கள் பல. கோயில் பிராகாரம், ரயில் நிலையம், உறவினர் வீடு, திருமண மண்டபம் ஆகியவற்றில் நாம் கோடு போட இயலாது. அங்கே உடன் வரும் கோடு ஒன்று இருந்தால் வெளியே செல்லும் துணிவு வரும். அத்தகைய தேவை உள்ளவர், டேப்பால் பயனடைந்தவராகவும் இருந்தால், கண்ணாடியைச் சோதிப்பது பொருளுடையது. தரையில் ஒளிக்கோடு பாய்ச்சும் கைத்தடியையும் அப்போது சேர்த்துச் சோதிக்கலாம். அது பலருக்கு எளிமையானது.

வாங்குவதற்கு முன், இயன்முறை மருத்துவர் உடனிருக்க, இவற்றைப் பாருங்கள்:

• நிமிர்ந்து நடக்கும்போதே காலடிக்கு முன்னுள்ள கோடு தெரிகிறதா?
• தலையைத் திருப்பும்போது கோடு தரையில் நிலைத்து நிற்கிறதா, நழுவுகிறதா?
• வெயிலில் கோடு தெரிகிறதா?
• ஓரப் பார்வை மறைகிறதா? பக்கத்தில் வரும் வண்டி கண்ணுக்குப் படுகிறதா?
• ஏற்கெனவே அணியும் பார்வைக் கண்ணாடியுடன் பொருந்துகிறதா?
• அரைமணி நேரத்திற்குப் பின்னும் மூக்கும் கழுத்தும் வலிக்காமல் இருக்கின்றனவா?
• நடுங்கும் விரல்களால் நோயாளியே அதை அணிந்து இயக்க முடிகிறதா?
• மின்னூட்டம் தீர்ந்து கோடு திடீரென மறைந்தால் என்ன செய்வார்?

முதலில் மருத்துவமனைப் பயிற்சிக்கூடத்தில், பின்னர் வீட்டுக் கூடத்தில், அதன் பின்னரே தெருவில் என்று படிப்படியாகச் செல்லுங்கள். கண்ணாடியில் ஒளிப்படக் கருவி இருக்குமாயின், அது எதைப் பதிவு செய்கிறது, எங்கே அனுப்புகிறது என்பதையும் கேட்டறியுங்கள். குளியலறைக்குள் அதை அணிந்து செல்ல வேண்டாம்.

யாருக்கு ஏற்றதன்று?

பார்க்கின்சன் நோயாளிகளுள் சிலருக்கு இல்லாத உருவங்கள் கண்ணில் தோன்றுவதுண்டு. பூனை ஓடியதாகவோ, மூலையில் யாரோ நிற்பதாகவோ சொல்வார்கள். இல்லாததை இருப்பதாகக் காட்டும் கருவி அவர்களைக் குழப்பலாம். அவ்வாறு தோன்றுவதை வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குத் தனியே சிகிச்சை உண்டு. நினைவாற்றல் குன்றியவர்களுக்குத் தரையிலுள்ள கருங்கோடு பள்ளமாகத் தெரிந்து அச்சமூட்டலாம். அவர்களுக்கு டேப் சோதனையையும் மருத்துவரின் ஆலோசனையோடு மட்டுமே செய்ய வேண்டும். கால் உறைதல் புதிதாகவோ திடீரென மிகுதியாகவோ தோன்றினால், எந்தச் சோதனைக்கும் முன் மருத்துவரைக் காணுங்கள்.

பிற நோய்களுக்கும் இதே முறை

எளியதை முதலில், கருவியைப் பின்னர் என்ற இவ்வரிசை மற்ற நோய்களுக்கும் பொருந்தும். பக்கவாதத்திற்குப் பின் சிலர் இடப்பக்கத்தைக் கவனியாது விடுவர். தட்டின் இடப்பாதிச் சோறு அப்படியே இருக்கும், வரியின் முற்பாதியை விட்டுவிட்டுப் படிப்பர். அவர்களுக்கு இடப்பக்கம் ஒளிரும் குறிப்பைக் காட்டும் செயலியை நாடுமுன், பக்கத்தின் இட ஓரத்தில் ஒரு சிவப்புக்கோடு வரைந்து, “அது கண்ணில் படும்வரை இடப்பக்கம் பாருங்கள்” என்று பழக்கலாம். மறுவாழ்வுச் சிகிச்சையில் நெடுநாள் பயன்பட்டுவரும் முறை இது. பார்வை மங்கியவர் மருந்தட்டையைக் கைப்பேசி வாயிலாகப் படிக்க முயலுமுன், பெரிய எழுத்தில் ‘காலை’, ‘இரவு’ என்று எழுதி ஒட்டிய டப்பாக்கள் போதுமா என்று பாருங்கள்.

கை அல்லது காலை இழந்தவர்களுக்கு, இல்லாத அவ்வுறுப்பில் வலி தோன்றுவதுண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் சாதாரண நிலைக்கண்ணாடி ஒன்றைக் கொண்டு அவ்வலிக்கு ஒரு வழி காட்டினார். நலமாக உள்ள கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி அதனை வைத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 2016இல் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நெடுநாள் வலியால் வருந்திய 14 பேரிடம் மிகை மெய்ம்மைக் கையைத் திரையில் காட்டிச் சோதித்து, வலி குறைந்ததாக அறிவித்தனர். இங்கும் முதலில் வந்தது நிலைக்கண்ணாடி; பின்னர் வந்தது கணினி.

நிறைவாக

தலைமையாசிரியரின் மகன் விடுமுறைக்கு வந்தபோது நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். கண்ணாடி வாங்க ஒதுக்கிய தொகையின் ஒரு சிறு பகுதியில் குளியலறையில் கைப்பிடிகளும் வீட்டில் மேலும் இரு விளக்குகளும் பொருத்தினார். தேய்ந்த டேப்பை மாதந்தோறும் அம்மா மாற்றி ஒட்டுகிறார். ஆசிரியருக்கு இன்னும் ஒரு விருப்பம் உண்டு. தம் பழைய பள்ளியின் ஆண்டுவிழாவுக்குத் துணையின்றி மேடையேற வேண்டும் என்கிறார். அங்கே டேப் ஒட்ட முடியாது. ஆகவே ஒளிக்கோட்டுக் கைத்தடியையும் கண்ணாடியையும் எங்கள் பயிற்சிக்கூடத்தில் சோதிக்கத் தொடங்கியிருக்கிறோம். எது உதவுகிறது என்பதை வழக்கம்போல் நோட்டுப் புத்தகம் சொல்லும்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, ஏதேனும் கருவியைப் பற்றிய விளம்பரத்தை மட்டும் கொண்டுவராமல், உங்கள் வீட்டின் கைவரைபடத்தையும் அதில் புள்ளி வைத்த இடங்களையும் கொண்டுவாருங்கள். அந்தப் புள்ளிகளிலிருந்து நாம் சேர்ந்து தொடங்கலாம்.